காத்தவர் பெயர் எழுதா வரலாறு: கோல் காப்பாளர் அதிதி சௌஹானின் ஆட்ட வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்பது நிகழ்ந்தவற்றின் பதிவு என்பர். இவ்வரைவிலக்கணத்தை அவ்வாறே ஏற்றுக்கொள்வோமாயின், உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளராக நிற்பவரின் வாழ்வை எழுதுதல் அரிதாகிவிடும். ஏனெனில், அவரது உழைப்பின் பயன் பெரிதும் நிகழாமற் போனவற்றிலேயே தங்கியுள்ளது. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் கொண்ட கோல் வாயிலினூடே பந்து செல்லாதிருக்கும் ஒவ்வொரு கணமும் அவருடைய வெற்றியே. ஆயினும் அக்கணங்களை எப்பதிவேடும் நிமிடக் கணக்கிட்டு எழுதுவதில்லை. பந்து உட்புகுந்த கணமோ தவறாது எழுதப்படுகின்றது. அடித்தவர் பெயர் புகழாகவும், தடுக்கத் தவறியவர் பெயர் பழியாகவும் அதில் நிலைபெற்று விடுகின்றன.

அவ்விடத்திலே நிற்பவர் ஒரு பெண்ணாயின், இம்மறைவு இருமடங்காகின்றது. மகளிர் ஆட்டமே பதிவேடுகளில் அருகி இடம்பெறுவதொன்று. அதற்குள்ளும் கோல் காப்பாளர் இன்னும் பின்னே நிற்பவர். கல்முனை தொடங்கிச் சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தெற்கே நீளும் எமது கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் நன்கு அறியப்பட்ட ஆட்டமேயாயினும், அது பெரும்பாலும் ஆண்களின் ஆட்டமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆதலின், சென்னையிற் பிறந்து, கொழும்பிலும் லண்டனிலும் ஐஸ்லாந்திலும் கையுறை அணிந்து நின்ற அதிதி சௌஹான் என்னும் வீராங்கனையின் ஆட்ட வாழ்வை எடுத்துக்கொண்டு, ஒரு கோல் காப்பாளரை உருவாக்குபவை எவை, அவர் பெயரை மறைப்பவை எவை என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வாராய்ச்சிக்கு முன்னர், மகளிர் உதைபந்தாட்டம் கடந்துவந்த பாதையைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். பெண்கள் இவ்வாட்டத்திற்குப் புதியவர்கள் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1920 டிசம்பர் 26 ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள குடிசன் பார்க் மைதானத்திலே நடைபெற்ற மகளிர் ஆட்டமொன்றைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், தன்னைச் சார்ந்த கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு வழங்கலாகாது என விதித்தது. அரை நூற்றாண்டு நீடித்த அத்தடை 1970களின் தொடக்கத்திலேயே நீங்கிற்று. பெண்கள் ஆடத் தெரியாதவர்களாய் இருந்தமையால் ஆட்டம் நின்றதன்று. ஆடுவதற்கு நிலம் மறுக்கப்பட்டமையால் நின்றது. இவ்வுண்மை இக்கட்டுரை முழுவதிலும் மனங்கொள்ளத்தக்கது.

தடை நீங்கிய அக்காலப்பகுதியிலே வட ஐரோப்பிய நாடுகள் விரைந்து முன்னேறின. பின்லாந்து 1971 ஆம் ஆண்டிலேயே மகளிருக்கெனத் தேசிய சம்பியன் போட்டியை ஏற்படுத்திக்கொண்டது. 1973 ஓகஸ்ட் 25 ஆம் நாள் அந்நாட்டு மகளிர் அணி தனது முதலாவது சர்வதேச ஆட்டத்திற் சுவீடனைச் சந்தித்தது. அவ்வாட்டத்தின் முடிவு, இரு தரப்பும் கோலின்றிச் சமநிலை என்பதாகும். பிற்காலத்தே பெரும் வல்லமை பெற்ற சுவீடன் மகளிர் அணிக்கும் அதுவே முதலாவது ஆட்டம். வடபுலத்து மகளிர் ஆட்டத்தின் முதலேடு இவ்வாறு கோல் காப்பாளர்களின் ஏடாகத் தொடங்கியமை கருதற்பாலது.

இந்தியாவும் அக்காலத்தில் மிகவும் பின்தங்கியிருந்ததெனக் கூறமுடியாது. 1975 ஆம் ஆண்டில் அங்கு மகளிர் உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒன்று தோன்றியது. 1980 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கேரளத்தின் கோழிக்கோட்டிலே நடைபெற்ற ஆசிய மகளிர் சுற்றுப்போட்டியிலும், 1983 இல் பாங்கொக்கில் நடைபெற்ற போட்டியிலும் இந்திய மகளிர் இரண்டாமிடம் பெற்றனர். அவ்வணியின் சாந்தி மல்லிக் 1983 இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆயின், பின்லாந்து அமைத்ததுபோன்ற நிலையான லீக் போட்டியொன்றை இந்தியா அமைக்கவில்லை. தேசிய மட்டத்தில் இந்திய மகளிர் லீக் முதன்முதலாக நடைபெற்றது 2016–17 பருவத்திலேயே. பின்லாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான இந்நாற்பத்தைந்து ஆண்டுக்கால இடைவெளியே அதிதி சௌஹானின் ஆட்ட வாழ்வின் பின்புலமாகும்.

அதிதி 1992 நவம்பர் 20 ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்துடன் டில்லிக்குச் சென்று அங்கு கல்வி பயின்றார். அவருடைய முதல் ஆட்டம் உதைபந்தாட்டமன்று. கூடைப்பந்தாட்டத்திலும் கராத்தேயிலும் ஈடுபட்டிருந்த அவரை, பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரே கோல் காப்பாளர் தேர்வுக்குச் செல்லுமாறு தூண்டினார். உயரப் பந்தைப் பற்றும் கைகளும், விழுந்து எழும் பழக்கமும் முன்னரே வாய்த்திருந்தமையால், அவர் விரைவிலேயே டில்லியின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலும், பின்னர் இந்திய அணியிலும் இடம்பெற்றார். ஒருவரின் ஆற்றலை ஓர் ஆட்டத்திற் கண்டு மற்றோர் ஆட்டத்திற்கு ஆற்றுப்படுத்திய ஆசிரியரின் பங்கு இங்கு சிறிதன்று.

அவரது சர்வதேச வாழ்வின் முதற் பெருவெற்றி எமது நாட்டிலேயே கிட்டியது. 2012 செப்ரெம்பரில் கொழும்பிலே நடைபெற்ற தெற்காசிய மகளிர் சம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை மூன்றுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்றது. அவ்வணியில் அதிதி இடம்பெற்றிருந்தார். 2016–17 பருவத்திற் சிலிகுரியிலும், 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரிலும் அதே கிண்ணத்தை வென்ற அணிகளிலும் அவர் பெயர் உண்டு. தெற்காசிய மட்டத்தில் இந்தியாவின் வெற்றிகள் அக்காலத்தில் வியப்புக்குரியனவாய் இருக்கவில்லை. ஆதலின், கோல் காப்பாளரின் திறனை முற்றாக வெளிக்கொணரும் களமாக அவற்றைக் கொள்ளல் இயலாது. பந்து அடிக்கடி தன்னை நோக்கி வரும் ஆட்டங்களிலேயே காப்பாளர் வளர்கின்றார். அத்தகைய ஆட்டங்களை அவர் நாட்டுக்கு வெளியே தேட வேண்டியவரானார்.

விளையாட்டு முகாமைத்துவத்தில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், 2015 ஓகஸ்டில் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் கழகத்தின் மகளிர் அணியில் இணைந்தார். இங்கிலாந்தின் மகளிர் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் என அவர் அன்று பாராட்டப் பெற்றார். அவ்வாண்டில் வெம்பிளியில் நடைபெற்ற ஆசிய உதைபந்தாட்ட விருது விழாவிலும் அவர் சிறப்பிக்கப்பட்டார். ஆயின் அவருடைய முதல் ஆட்டத்தின் பதிவேடு கூறுவது வேறு. ஓகஸ்ட் 16 ஆம் நாள் கொவென்ட்ரி மகளிர் அணியுடனான அவ்வாட்டத்தில் வெஸ்ட் ஹாம் ஐந்து கோல்களை விட்டுக்கொடுத்துத் தோற்றது. முன்கள வீராங்கனை ஒருவரின் முதல் ஆட்டம் வெறுமையாகக் கழிந்தால் அதனை எவரும் நினைவில் வைப்பதில்லை. கோல் காப்பாளரின் முதல் ஆட்டமோ ஐந்து என்னும் எண்ணால் நினைக்கப்படுகின்றது. அவ்வெண்ணுடன் தொடங்கியவர் இரண்டு பருவங்களுக்கு மேல் அக்கழகத்தில் நிலைத்து நின்றார் என்பதே அவருடைய உறுதிக்குச் சான்றாகும்.

ஈண்டு ஓர் ஒப்புநோக்கு பயன்தரும். பின்லாந்தின் ஓலு நகரில் 1986 ஆம் ஆண்டிற் பிறந்த டின்யா ரீக்கா கோர்பெலா என்பவரும் கோல் காப்பாளரே. நோர்வே, சுவீடன் நாட்டுக் கழகங்களிலும், ஜேர்மனியின் பயெர்ன் மியூனிக் கழகத்திலும், பின்னர் இங்கிலாந்தின் எவர்ட்டன், டொட்டன்ஹாம் கழகங்களிலும் ஆடிய அவர், தமது நாட்டுக்காக நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் நின்றவர். 2022 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அணித் தலைவியாகவும் விளங்கியவர். அவரும் அதிதியும் இங்கிலாந்தில் ஆடியவர்களே. எனினும் கோர்பெலா ஆடியது முதல்நிலை லீக்கில். அதிதி ஆடியது மூன்றாம் நிலையில். வெஸ்ட் ஹாம் மகளிர் அணி முதல்நிலைக்கு உயர்த்தப்பட்டது 2018 ஆம் ஆண்டில். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அதிதி அக்கழகத்தை விட்டு நீங்கிவிட்டார்.

இவ்வேறுபாட்டைத் தனிமனித ஆற்றலின் வேறுபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. கோர்பெலா பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே அவர் நாட்டில் மகளிர் சம்பியன் போட்டி ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கிவிட்டது. வாரந்தோறும் ஆடும் வாய்ப்பு அங்கு ஒரு சிறுமி காணும் இயல்பான காட்சியாய் இருந்தது. அதிதிக்கு இருபத்து நான்கு வயதாகும்வரை அவர் நாட்டில் அத்தகைய லீக்கே இல்லை. 2017 இல் நடைபெற்ற முதலாவது இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றும் ஆறு அணிகளுடன் மூன்று வாரங்களுக்குள்ளேயே முடிவுற்றது. கோல் காப்பாளருக்கு வேண்டிய இட உணர்வு, காலக் கணிப்பு, தற்காப்பு வரிசையை வழிநடத்தும் குரல் ஆகிய மூன்றும் தொடர்ந்த ஆட்டத்தினாலன்றி அமைவனவல்ல. தனியே பயிற்சி செய்து பந்தைப் பிடிக்கக் கற்கலாம். முன்னால் நிற்கும் நால்வரை இயக்கக் கற்றல் அவ்வாறு இயலாது.

இந்தியாவுக்குத் திரும்பிய பின்னர் அதிதி தேடியது இத்தொடர்ச்சியையே எனலாம். கோகுலம் கேரளா கழகத்தின் காப்பாளராக நின்று 2020 பெப்ரவரியில் பெங்களூரில் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தை வென்றார். அதற்கு முந்திய பருவத்திலே மதுரையைச் சேர்ந்த சேது கழகம் அக்கிண்ணத்தை வென்றிருந்தமையும் தமிழ் வாசகர் அறியவேண்டியதொன்று. 2021 இல் ஐஸ்லாந்தின் ஹமார் கழகத்திலும் அவர் ஆடினார். பெண் குழந்தைகளுக்கு உதைபந்தாட்டம் கற்பிக்கும் பயிற்சி நிலையமொன்றையும் நிறுவினார். தமக்குக் கிட்டாத அமைப்பைப் பின்வருவோருக்குத் தாமே அமைத்துக் கொடுக்க முனைந்தமை அவரது வாழ்வின் குறிப்பிடத்தக்க பகுதியாகும்.

இனி, அவ்வாழ்வின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். 2022 ஜனவரியில் ஆசிய மகளிர் கிண்ணப் போட்டி இந்தியாவில் நடைபெற்றது. 2003 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்திய மகளிர் அப்போட்டியில் ஆடியது அதுவே முதற்றடவை. ஜனவரி 20 ஆம் நாள் நவி மும்பையில் இந்தியா எதிர்கொண்ட அணி ஈரான். ஒரு கோல் வாயிலில் அதிதி சௌஹான் நின்றார். எதிர் வாயிலில் ஹிஜாப் அணிந்த சொஹ்ரே கூதாயி நின்றார்.

அந்த ஈரானிய அணி அவ்விடத்தை அடைந்த வரலாறு எமது கரையோர வாசகரின் தனிக்கவனத்துக்குரியது. 2011 ஜூனில் அம்மான் நகரிலே ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்திற்காக மைதானத்துள் நுழைந்த ஈரானிய மகளிர், தலையை மூடும் ஆடையைக் காரணங்காட்டி ஆடவிடாது தடுக்கப்பட்டனர். ஆட்டத்திற்கு உரிய வயது, தகுதி, பயிற்சி யாவும் இருந்தும், ஆடை விதியொன்று அவர்களை வெளியேற்றிற்று. 2014 மார்ச்சிலேயே ஹிஜாப் அணிந்து ஆடுவதற்கு விதிகள் முற்றாக இடமளித்தன. பின்னர், 2021 செப்ரெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் ஜோர்தானை ஈரான் தண்டனை உதைகளில் வென்றபோது, இரு உதைகளைத் தடுத்து அவ்வெற்றியை ஈட்டியவர் கூதாயியே. அதன் பயனாக ஈரான் முதன்முதலாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஆயின் அவருக்குக் கிடைத்த பரிசு யாது? அவர் பெண்தானா எனச் சோதிக்குமாறு தோற்ற நாட்டின் சம்மேளனம் கோரிக்கை விடுத்தது. ஈரானியத் தரப்பு அதனை வன்மையாக மறுத்தது. தவறவிட்டால் பழி, தடுத்துவிட்டால் ஐயம் என்னும் இருமுனைத் துயர் பெண் காப்பாளருக்கு எவ்வாறு நேர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நவி மும்பை ஆட்டத்தில் இந்தியர் பலமுறை தாக்கினர். கூதாயி அவற்றைத் தடுத்தார். ஈரானியர் கோல் அடிக்க அதிதியும் இடங்கொடுக்கவில்லை. முடிவு, கோலின்றிச் சமநிலை. ஆயின் அத்துடன் கதை முடியவில்லை. இந்திய அணியினரிடையே கொவிட் நோய் பரவியது. ஜனவரி 23 ஆம் நாள் சீனத் தாய்ப்பேயுடன் ஆடவேண்டிய இந்தியா, விதிப்படி வேண்டிய பதின்மூன்று வீராங்கனைகளை நிறுத்த இயலாது ஆட்டத்தைக் கைவிட்டது. அணி போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டது. விதிகளின்படி, அவ்வணி முன்னர் ஆடிய ஆட்டமும் செல்லாததாக்கப்பட்டது.

இதன் பொருளைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். ஆசியக் கிண்ண வரலாற்றில் அதிதி சௌஹான் நின்ற ஆட்டம் அவ்வொன்றே. அதில் அவர் ஒரு கோலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தொண்ணூறு நிமிடங்களும் தரவரிசைக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஈரானியர் முதன்முதலாக ஈட்டிய ஒரேயொரு புள்ளியும், கூதாயி காத்த வாயிலும் அவ்வாறே நீங்கின. அடுத்த ஆட்டங்களிற் சீனாவிடமும் சீனத் தாய்ப்பேயிடமும் ஈரான் விட்டுக்கொடுத்த பன்னிரண்டு கோல்கள் மட்டும் கணக்கில் நிலைத்தன. காத்தது அழிந்தது; தவறியது நின்றது. கோல் காப்பாளரைப் பற்றி வரலாறு நடந்துகொள்ளும் முறைக்கு இந்நிகழ்ச்சி ஓர் உருவகம் போன்றே அமைந்துவிட்டது.

அமைப்புகளின் குறைபாடு வீராங்கனைகளைத் தாக்கும் விதத்தை அதே ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியும் காட்டும். 2022 ஓகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தின் நிருவாகச் சிக்கலால் உலக அமைப்பான பீபா அதனை இடைநிறுத்தியது. ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கந்து நகரம் வரை சென்றிருந்த கோகுலம் கேரளா அணி, ஆடாமலே திரும்பியது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனமும் அவ்வாறே இடைநிறுத்தப்பட்டு, ஓகஸ்ட் வரை அந்நிலை நீடித்தது. நிருவாகிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தோர் அதில் எப்பங்கும் கொள்ளாத வீரர்களும் வீராங்கனைகளுமே.

2025 ஜூலையில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அந்நாட்டு மண்ணிலேயே வென்று, தகுதிகாண் சுற்றின் வழியாக 2026 ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணத்துக்கு முதன்முதலாகத் தகுதி பெற்றது. அவ்வெற்றியிற் காப்பாளராக நின்றவர் மணிப்பூரைச் சேர்ந்த பாந்தோய் சானு. அதே மாதத்தில், 57 சர்வதேச ஆட்டங்களின் பின்னர், பதினேழு ஆண்டுக்கால ஆட்ட வாழ்விலிருந்து அதிதி ஓய்வுபெற்றார். ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில் மற்றொருவர் ஆயத்தமாய் நின்றமை, தொடர்ச்சி என்பது மெல்லவேனும் உருவாகி வருவதைக் காட்டும்.

இவ்வரலாற்றினால் எமது பிரதேசத்துக்குப் பெறப்படுவது யாது? முதலாவது, ஆடையும் சமயமும் இவ்வாட்டத்துக்குத் தடையென்னும் வாதம் இன்று நிலைக்கமாட்டாது. 2023 ஜூலையில் உலகக் கிண்ணப் போட்டியிலேயே மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து ஆடினார். அவ்வாட்டத்தில் அவர் அணி தென் கொரியாவை வென்றது. இரண்டாவது, அதிதி கூடைப்பந்தாட்டத்திலிருந்து கோல் வாயிலுக்கு வந்தவர். எமது பாடசாலைகளிற் பெண் பிள்ளைகள் பரவலாக ஆடும் வலைப்பந்தாட்டம், பந்தை உயரத்திற் பற்றும் அதே கைகளை உருவாக்குவது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் முதன்மையாக விளங்கியமை, அவ்வாற்றல் தமிழ் பேசும் பெண்களிடம் எத்துணை உயரம் செல்லக்கூடும் என்பதற்குச் சான்று. மூன்றாவதும் முதன்மையானதும் நிலமும் நேரமும் பற்றியதாகும்.

எமது கரையோர முஸ்லிம்களிடையே குடி என்னும் முறை தாய்வழியாகவே தொடர்வது; மணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பது இம்மண்ணின் நெடுநாள் வழக்கம். மருதமுனைத் தறிகளின் புகழிற் பெண்களின் உழைப்புக்கும் பங்குண்டு. வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதத் தயங்காத சமூகம், மைதானத்தின் ஒரு மாலைப்பொழுதை அவள் பெயரில் ஒதுக்குவதற்குத் தயங்குவது பொருத்தமாகத் தோன்றவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் எமது மாணவியர் பலர் விளையாட்டைக் கைவிடுகின்றனர். அவர்களுக்கென மதில் சூழ்ந்த களமும், பெண் பயிற்றுவிப்பாளரும், வாரத்தில் இரு நாள்களும் ஒதுக்கப்படுமாயின், கைவிடுவதற்கான காரணங்கள் பலவும் தாமாகவே அருகிவிடும். 1921 இல் இங்கிலாந்துப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது நிலம். 1971 இல் பின்லாந்துப் பெண்களுக்கு அளிக்கப்பட்டது ஒழுங்கான பருவம். இவ்விரண்டுக்கும் இடையிலேயே ஒரு சமூகத்தின் தெரிவு அடங்கியுள்ளது.

பல்கலைக்கழகத்தாரின் கடமை ஒன்றும் உண்டு. எமது பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் ஆடிய பெண்களின் பெயர்கள் பரிசளிப்பு விழா மலர்களிலும் பழைய புகைப்படங்களின் அடியிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, யார் எந்த ஆண்டில் எந்த இடத்தில் நின்றார் என எழுதிவைத்தல் வரலாற்று மாணவர் எவருக்கும் இயலக்கூடிய பணி. அவ்வாறு எழுதும்போது, கிண்ணம் ஏந்தி நடுவில் நிற்பவரின் பெயரோடு, ஓரத்தில் கையுறையுடன் நிற்பவரின் பெயரையும் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும்.